அமெரிக்கா செட்டு போட்டோ

நாமக்கல்லுக்கு நான் போனது கோழி பார்ப்பதற்கு அல்ல. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அங்கே என்னைச் சந்தித்த ஒருவர்கூட இதை நம்பவில்லை.

பினாங்கில் கப்பல் சரக்குகளுக்குச் சேத மதிப்பீடு செய்வது என் தொழில். நனைந்தது, நசுங்கியது, உடைந்தது எல்லாவற்றையும் பார்த்து, அளந்து, எழுதிக் கொடுப்பேன். ஓய்வு நேரத்தில் ஹாலிவுட்டின் பழைய ஆடல் பாடல் படங்களின் புகைப்படங்களைச் சேர்க்கிறேன். திரையில் வந்த காட்சிகளை அல்ல. அந்தக் காட்சிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் நடந்தவற்றை. காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் நடனக்காரி, மழைக் காட்சிக்குக் குழாய் பிடிக்கிறவர், இளவரசர் உடையில் நின்றபடி ரொட்டி தின்கிறவர். இவையெல்லாம் பின்புறம் படப்பிடிப்பு நிலையத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இதற்கென்று ஒரு சங்கம் உண்டு. ஏழு உறுப்பினர்கள். படங்களைத் தொடுவதற்கு ஏழு பேரிடமும் வெள்ளைக் கையுறை உண்டு. ஓங் என்கிற உறுப்பினர் மட்டும் நட்சத்திரங்களின் சிரித்த முகங்களைச் சேர்க்கிறார். பற்களைப் பார்ப்பதற்குப் பல் வைத்தியரிடம் போகலாமே என்று அவரிடம் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். முன்பக்கத்தைப் பார்க்க உலகமே இருக்கிறது, பின்பக்கத்தைப் பார்க்கத்தான் ஆளில்லை என்பது என் கொள்கை. அதைச் சங்கத்தில் எல்லாரும் மனப்பாடமாக அறிவார்கள்.

பழம்பொருள்கள் விற்கும் இணையப் பக்கம் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அகலமான படிக்கட்டு. அதில் வெள்ளை இறகு உடையில் பன்னிரண்டு பெண்கள் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். வால் இறகுகள் படிகளில் துவண்டு கிடக்கின்றன. ஒருத்தி கொட்டாவி விடுகிறாள். வலது ஓரத்தில் உயரமான ஏணி. அதன் உச்சியில் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்ட ஒருவர், கையில் சாக்கோடு நிற்கிறார். சாக்கிலிருந்து இறகு எட்டிப்பார்க்கிறது. திரையில் வானத்திலிருந்து பொழிந்த இறகு மழைக்கு அவர்தான் வானம். அந்த ஆளுக்காகவே இந்தப் படம் என்னிடம் வர வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். சங்கத்திலும் அறிவித்துவிட்டேன். ஓங் சிரித்துக்கொண்டே, "வரட்டும், பார்ப்போம்" என்றார்.

படத்துக்குக் கீழே "அமெரிக்கா செட்டு போட்டோ, ஒரு பெட்டி, பழசு, விற்பனைக்கு" என்று போட்டிருந்தது. நாமக்கல் முகவரி. விற்பவர் பெயர் கந்தசாமி. தொலைபேசியில் அவரிடம் பேசியதை அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

"எல்லாம் செட்டில் எடுத்ததுதானா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. அத்தனையும் செட்டுக்குள்ளார எடுத்ததுதானுங்க. ஒண்ணுகூட வெளிய எடுத்ததில்லை."

"விளக்குகள் தெரிகின்றனவா?"

"லைட்டு வரிசையாத் தொங்குதுங்க."

"பெண்கள்? கூட்டமாகவா, தனித்தனியாகவா?"

"பெண்களுங்களா?" என்று அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "எல்லாம் பொட்டைதானுங்க. வரிசையா நிக்குது. ஒரே சைசு, ஒரே வளர்த்தி" என்றார்.

"எல்லாரும் வெள்ளையா?"

"சுத்த வெள்ளைங்க. ரெண்டு மூணு மட்டும் செவப்பு."

செம்பட்டை முடி நடிகைகள் என்று எழுதிக்கொண்டேன். கொங்குப் பேச்சில் பெண்களை அஃறிணையில் குறிப்பிடுகிறார்கள், கண்டிக்கத்தக்கது என்றும் ஓரத்தில் எழுதினேன். மற்றப் படங்களையும் அனுப்பச் சொன்னதற்கு அவர், "நேர்ல வந்து பாருங்க. போன்ல பாத்து ஆராச்சும் பொண்ணு கட்டுவாங்களா?" என்றார். புறப்பட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மாலை சேலத்தில் இருந்தேன். பயணக் களைப்புக்கு ஏதாவது தின்னலாம் என்று கடைத்தெருவில் தள்ளுவண்டி ஒன்றின் முன் நின்றேன். "எத்தனை செட்டு?" என்று கேட்டார் வண்டிக்காரர். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் திகைத்தேன். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, இரண்டு நிறச் சட்னியும் தடவினால் அதன் பெயர் செட். வாயில் முழுதாக வைத்தால் ஓரங்கள் கன்னத்தைக் குத்தும், கடித்தால் சட்டையில் கொட்டும். பினாங்கில் தெருவோரம் சாப்பிடுவதற்குப் பிளாஸ்டிக் நாற்காலியாவது உண்டு. இங்கே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொள்ள வேண்டும், அதுவும் வேறொருவருடையது. நான்கு செட் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை நாமக்கல் பேருந்து. "நாமக்கல், நாமக்கல்" என்று கூவித்தான் ஏற்றினார்கள். பாதி வழியில் நடத்துநர், "நாமக்கல் எல்லாம் பைபாஸ்ல எறங்கிக்கோணும். வண்டி ஊருக்குள்ள போகாது" என்றார். எனக்கு முன்னால் இருந்த பெண்மணி எழுந்தார்.

"ஏனுங்க, ஊருக்குள்ள போகாத வண்டிக்கு எதுக்குங்க ஊர்ப் பேரு?"

"போர்டைப் பாத்து ஏறோணுங்க அம்மிணி."

"போர்டு நீங்க பேசறதுக்கு மாறா இருந்தா, நான் எதை நம்பறது? உங்க வாயையா, வண்டியையா?"

பேருந்தே சிரித்தது, நடத்துநர் உட்பட. ஆனாலும் எங்களைப் பைபாஸில்தான் இறக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் பேருந்து தவறான இடத்தில் இறக்கினால் புகார் எழுதுவோம். பதில் வரும், பேருந்து மாறாது. இங்கே அந்த இடத்திலேயே திட்டித் தீர்த்துவிடுகிறார்கள். முடிவு ஒன்றுதான், தபால் செலவு மிச்சம்.

டீக்கடையில் கந்தசாமியின் பண்ணைக்கு வழி கேட்டேன். "சித்த நில்லுங்க, குட்டி யானை வரும், ஏறிக்கங்க" என்றார் கடைக்காரர். எனக்கு யானைச் சவாரியில் விருப்பமில்லை என்று பணிவாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வந்தது ஒரு சிறிய சரக்கு வண்டி. பின்னால் காலி முட்டை அட்டைகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. ஓட்டுநரின் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"கோழி டாக்டருங்களா?" என்றார் அவர்.

"இல்லை. புகைப்படம் பார்க்க வந்திருக்கிறேன்."

"ஓ, கோழிக்கு எக்ஸ்ரே எல்லாம் வந்துருச்சுங்களா?" என்றார். அதன் பிறகு கவனம் முழுவதையும் சாலையில் செலுத்தினார்.

வழி நெடுகப் பள்ளிக்கூட விளம்பரப் பலகைகள். ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக மாணவ முகங்கள், ஒரே உடை, ஒரே கோணம், ஒரே சிரிப்பு, ஒவ்வொன்றின் கீழும் மதிப்பெண். ஹாலிவுட் நடன இயக்குநர்கள் இப்படி ஒரு வரிசையை நிறுத்த வாரக்கணக்கில் உயிரை விட்டார்கள். இங்கே விடுதி வைத்த பள்ளிக்கூடங்கள் வருடந்தோறும் சாதிக்கின்றன.

கந்தசாமி பண்ணை வாசலில் காத்திருந்தார். அறுபது வயதுக்காரர், சிரிப்பை மீசைக்குக் கீழே அடக்கி வைத்துக்கொண்டு பேசுபவர். மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலணியை முக்கி எடுக்கச் சொல்லி உள்ளே அழைத்துப் போனார். ஊதா நிறத் தண்ணீர். என் காலணி இன்றும் அந்த நிறத்தில்தான் இருக்கிறது. அலுவலக அறையில் தகரப் பெட்டி ஒன்று மேசைமேல் தயாராக இருந்தது. நான் பையைத் திறந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டினேன்.

சன்னலுக்கு வெளியே தீவன மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இரண்டு வடநாட்டுத் தொழிலாளர்கள் மூட்டையைக் கீழே போட்டார்கள். இந்தியில் பதற்றமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"'கையுறை போட்டாச்சு, இனி அத்தனை கோழியையும் குழி தோண்டிப் பொதைக்கச் சொல்லிருவாங்க, நம்ம வேலை போச்சு'ங்கறாங்க" என்று மொழிபெயர்த்தார் கந்தசாமி. "நோய் பாக்க வாரவங்கதானுங்க இங்க இந்தக் கையுறை போடுவாங்க. கழட்டிருங்க சாமி, சாயந்தரத்துக்குள்ள ஊரு பூராப் பரவீரும்."

கழற்றிவிட்டேன். முப்பது வருடத்தில் முதல் முறையாக வெறுங்கையால் ஒரு பெட்டியைத் திறந்தேன்.

முதல் படத்தில் நீண்ட கட்டடம், தகரக் கூரை. கூரையிலிருந்து விளக்குகள் வரிசையாகத் தொங்கின. விளக்குகளுக்குக் கீழே, ஒரே அளவில், ஒரே வளர்த்தியில், சுத்த வெள்ளையில், கோழிகள். இரண்டாவது படத்திலும் கோழிகள். மூன்றாவதில் தொப்பிக்காரர் ஒருவர் தீவனத் தொட்டியைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார், கோழிகள் அவரைக் கவனிக்கவில்லை. பெட்டியின் அடிவரை போய்ப் பார்த்தேன். இரண்டு மூன்றுதான் சிவப்பு.

"இது என்ன?" என்றேன்.

"செட்டுங்க."

"என்ன செட்டு?"

"கோழிச் செட்டுங்க. எங்கப்பா மொத மொதல்ல பண்ணை போடறப்ப, அமெரிக்காவுல எப்படிச் செட்டு கட்டறாங்கன்னு பாக்கறதுக்கு வாங்குனது. வேற என்ன செட்டுங்க? லாரிச் செட்டு பாடி கட்டறவங்ககிட்ட இருக்கும், தறிச் செட்டு குமாரபாளையத்துல இருக்கும். இது கோழிச் செட்டு."

"சினிமா செட்" என்றேன். கோழிக் கொட்டகையைத்தான் இவர்கள் செட்டு என்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. "படப்பிடிப்பு நடக்கும் செட்."

கந்தசாமி மீசைக்குக் கீழே அடக்கி வைத்திருந்தது மேலே வந்துவிட்டது. "அதானுங்க! 'பெண்கள் எப்படி நிக்கறாங்க'ன்னு நீங்க கேட்டப்பவே நெனச்சேன். மலேசியாக்காரங்க கோழிக்குக்கூட நெம்ப மரியாதை குடுப்பாங்க போலன்னு!"

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, இணையத்தில் பார்த்த இறகு உடைப் படம் எங்கே என்று கேட்டேன். என் வேலைக்கு அது ஒன்று போதும், மற்றவற்றைக் கோழிகளே வைத்துக்கொள்ளட்டும்.

"அதுங்களா? அது செட்டு போட்டோ இல்லீங்களே" என்றார் கந்தசாமி. பெட்டியில் இருந்த ஒரே செட் படத்தைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். சேலத்தில் பழைய பேப்பர் கடையில் அவர் அப்பா இந்தப் பெட்டியை வாங்கியபோது, மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டாயின் குப்பையும் அங்கே கிடந்ததாம். கடைக்காரர் அதில் இறகு தெரிந்த படத்தை எடுத்து, இதுவும் கோழி சமாச்சாரம்தான் என்று இந்தப் பெட்டியில் போட்டிருக்கிறார். கந்தசாமியின் மருமகள், பார்க்க அழகாக இருக்கிறது என்று அதை மட்டும் விளம்பரத்தில் ஏற்றியிருக்கிறாள்.

"நீங்க செட்டு போட்டோதானே கேட்டீங்க? பெட்டியை உங்களுக்கு வெச்சிருக்குது. இந்தப் படத்தை டவுன்ல பிரேம் போடத் தாட்டி விட்டுட்டேன். வெள்ளிக்கெழமை புதுச் செட்டு தெறப்பு. வாசல்ல மாட்டறதுக்கு அம்சமா இருக்கும்."

உடனே போகலாம் என்றேன். கடை இன்று விடுமுறை, நாளைக் காலையில்தான் திறக்கும் என்றார். அந்தப் படத்தின் மேல் பசை, ஆணி, கண்ணாடி, ஒட்டுப்பலகை எல்லாம் ஒவ்வொன்றாக என் மனக்கண்ணில் இறங்கின. கப்பலில் எந்தச் சரக்கும் இவ்வளவு ஆபத்துகளை ஒரே நேரத்தில் சந்தித்ததில்லை.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி சரோஜா அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றிக்கொண்டே, "முட்டை வெச்சுக்கங்க, இது நாட்டுக்கோழி முட்டை" என்றார். இத்தனை கோழிகள் இருக்கும் வீட்டில் நாட்டுக்கோழி முட்டை எங்கிருந்து என்று கேட்டேன்.

"பண்ணை முட்டை ஊருக்குத் தாட்டறதுக்குங்க. ஊட்டுக்கு இதுதான்."

இதில் வியக்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த கப்பல் கம்பெனி முதலாளிகள் தங்கள் வீட்டுச் சாமான்களை விமானத்தில்தான் அனுப்புகிறார்கள். சாதம் அருமையாக இருந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன், துக்கத்தில் எனக்குப் பசி அதிகம்.

சரோஜா கணவரிடம் தணிந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது. "பொம்பளைங்க படத்தைப் பாக்க கடல் தாண்டி வந்திருக்காரு. இவரு சம்சாரத்துக்குத் தெரியுங்களா?"

புதன்கிழமை காலை கந்தசாமியின் காரில் டவுனுக்குப் போனோம். பிரேம் கடைக்காரர் சண்முகம் எங்களைக் கண்டதும் பெருமையோடு ஒரு திரையை விலக்கினார்.

தங்க நிறச் சட்டம். உள்ளே இறகு உடைப் பெண்கள். சட்டத்தைச் சுற்றிச் சீரியல் லைட்டுகள் சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்தன. கொட்டாவி விட்டவள் பச்சையில் விட்டாள், பிறகு சிவப்பில் விட்டாள். சேதத்தை மதிப்பிடும் பழக்கத்தில் என் கண் இடமிருந்து வலமாகப் போனது. படிக்கட்டு இருந்தது. பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். பன்னிரண்டாவது பெண்ணின் தோளோடு படம் முடிந்துவிட்டது.

"ஏணியில் ஒருவர் நின்றாரே?" என்றேன்.

"வெட்டியாச்சுங்க" என்றார் சண்முகம். "அண்ணன்தான் வெட்டச் சொன்னாரு."

கந்தசாமியைப் பார்த்தேன்.

"பின்னே என்னங்க?" என்றார் அவர். "கோழிப் பண்ணை வாசல்ல மாட்டற படத்துல, சாக்கைப் புடிச்சுட்டு ஒருத்தன் ஏணி மேல நின்னா ஆராச்சும் ஒத்துக்குவாங்களா? பாத்தவொடனே தெரியுது, கோழி திருடன்."

"திருடன் இல்லை. இறகு கொட்டுகிறவர். அந்தப் பெண்கள்மேல் விழுகிற இறகெல்லாம் அவர் சாக்கிலிருந்துதான் வருகிறது."

"அதத்தானுங்க நானும் சொல்றேன். சாக்குல எறகு மட்டும் இருக்குதுன்னா, கோழி எங்க போச்சு?"

என்னிடம் ஒரு சொற்பொழிவு இருந்தது. கடைக்குள் நின்று, சாமி படங்களின் நடுவில், அதை முழுதாக நிகழ்த்தினேன். முன்பக்கம் என்பது வெறும் மினுக்கு என்றேன். அந்தப் பெண்களை உலகமே பார்த்தாகிவிட்டது, அவர்களால் எனக்கு எந்தப் பயனும் இல்லை, நான் கடல் தாண்டி வந்தது ஏணியில் நின்ற அந்த மனிதருக்காக மட்டுமே என்றேன். கண்ணாடி வாங்க வந்த ஒருவர் இடையில் கைதட்டினார். சண்முகம் வேலைப் பலகைக்குக் கீழே குனிந்து, வெட்டிப்போட்ட அட்டைகளைக் கிளறி, நீளமான ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

ஏணிக்காரர். முழுதாக இருந்தார். சாக்கும் இருந்தது. பின்புறம் படப்பிடிப்பு நிலையத்தின் முத்திரையில் பாதி இருந்தது, மறுபாதி பெண்களோடு போய்விட்டது. முத்திரைக்குக் குறுக்கே சண்முகம் பேனாவால் யாருடைய வீட்டு அலமாரிக் கண்ணாடிக்கோ அளவு எழுதியிருந்தார்.

கந்தசாமி துண்டை ஒரு கையிலும் சட்டத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். முகத்தில் உண்மையான கனிவு இருந்தது, அல்லது அப்படித் தெரிந்தது.

"நெம்ப தொலைவுல இருந்து வந்திருக்கறீங்க. உங்களை வெறுங்கையோட தாட்டறது எனக்கு அழகில்லை. இது வேணுமா, அது வேணுமா, ஒண்ணைச் சொல்லுங்க. காசு வேண்டாம். அண்ணன் தம்பியாட்டம் நெனச்சு எடுத்துக்கங்க."

நான் யோசித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசிக்கவில்லை. ஓரம் வெட்டுப்பட்டாலும் படிக்கட்டு இருக்கிறது, இறகு இருக்கிறது, கொட்டாவி இருக்கிறது. சீரியல் லைட்டைக் கழற்றிவிடலாம். ஓங் அதைப் பார்த்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்றும் தெரிந்தது. என் கை தானாகவே நீண்டது.

"அது" என்றேன், சட்டத்தைக் காட்டி.

கந்தசாமி சட்டத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாத்தியா சண்முகம்? பொம்பளைங்களைப் பாக்கத்தான் வந்திருக்காருன்னு எங்க ஊட்ல அப்பவே சொன்னா." பிறகு என்னிடம், "இது குடுக்கறதுக்கில்லீங்க. வெள்ளிக்கெழமை செட்டு தெறப்பு இருக்குதல்ல. சும்மா கேட்டுப் பாத்தேன்" என்றார்.

கண்ணாடி வாங்க வந்தவர் இம்முறை இன்னும் பலமாகக் கைதட்டினார். சண்முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அந்தத் துண்டை வேணா லேமினேசன் போட்டுத் தரட்டுங்களா? ஓசிதான்" என்றார். வேண்டாம் என்று நான் கத்தியதில் ஒரு சாமி படம் ஆடியது.

திறப்பு விழாவுக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்றேன். கந்தசாமி தாமே சேலம் வரை காரில் கொண்டுவந்து விட்டார். சரோஜா கொடுத்தனுப்பிய நாட்டுக்கோழி முட்டைகள் ராசிபுரம் தாண்டும்வரை என் மடியில் இருந்தன. அதன் பிறகு ஒரு வேகத்தடை வந்தது. சேதத்தை மதிப்பிடாமலே துடைத்தேன். கந்தசாமி வழியெல்லாம் என் குடும்பம், சம்பளம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை விசாரித்து, எல்லாவற்றுக்கும் முட்டையையே மருந்தாகச் சொன்னார்.

பினாங்கு திரும்பியதும் அந்தத் துண்டை அகலமான வெள்ளை அட்டையின் நடுவில் பொருத்திச் சங்கக் கூட்டத்தில் வைத்தேன். ஒரு ஏணி, ஒரு மனிதர், ஒரு சாக்கு. மற்ற ஆறு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். பெண்கள் எங்கே என்று ஓங் கேட்டார்.

"என்முன் இரண்டையும் நீட்டினார்கள். நான் இதைத்தான் எடுத்துக்கொண்டேன்" என்றேன்.

ஓங் வெகுநேரம் ஏணிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருடங்களாக உங்களைத் தவறாக நினைத்துவிட்டேன், உங்களுக்குக் கொள்கை இருக்கிறது என்றார். என்னைத் தலைவராக்கும் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

சங்கத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்தப் பயணத்தைத் தமிழில் எழுத வேறு காரணம் எதுவும் இல்லை.